ஈயக் குண்டும் அதன் அச்சும்: நீலகிரி வேட்டைத் துப்பாக்கிகளின் ஒரு நூற்றாண்டு

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வேட்டைத் துப்பாக்கியோடு நீலகிரிக்கு ஏறியவர்கள் குண்டு வார்க்கும் அச்சையும் உடன் கொண்டுசென்றார்கள். துப்பாக்கி செய்த பட்டறையே அச்சையும் செய்து, வெடிமருந்துக் குடுவை, இடிகம்பி, குழல் துடைக்கும் கோல் ஆகியவற்றோடு ஒரே மரப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தது. குழல்களைக் கையால் கடைந்து தேய்த்து முடித்த காலம் அது. ஒரே பட்டறையின் இரண்டு துப்பாக்கிகளுக்கு இடையிலும் மயிரிழை வேறுபாடு இருந்தது. ஒன்றின் குண்டு மற்றொன்றில் இறுகும், அல்லது ஆடும். அச்சு தொலைந்தால் துப்பாக்கியால் பயனில்லை. எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்ற கேள்விக்குள்ளேயே எந்தக் குண்டை வார்ப்பது என்ற கேள்வியும் அடங்கியிருந்தது. சுடப்போகும் விலங்கு, அது நிற்கும் நிலம், கையில் இருக்கும் வெடிமருந்து ஆகியவையே அதற்கு விடை சொல்லின. நீலகிரியில் இவையெல்லாம் நூறாண்டுக்குள் மாறிப்போயின. வார்ப்புக் குண்டை வழக்கொழித்த மருந்து கடைசியில் இதே மலையில், வெலிங்டனுக்கும் கேத்திக்கும் இடையே அருவங்காட்டில் தயாரானது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, சில ஆண்டுகளுக்குள் உதகையில் கல் பங்களா கட்டினார். அதன்பின் உடல்நலம் தேடி வந்த மதராஸ் படை அதிகாரிகளும், காப்பியும் தேயிலையும் பயிரிட வந்த தோட்டக்காரர்களும் பெருகினார்கள். துப்பாக்கி பெருமளவில் மலைக்கு வந்தது அவர்களோடுதான். எருமை வளர்த்து வாழ்ந்த தோடர்கள் இறைச்சி உண்ணாதவர்கள். வேட்டையில் அவர்களுக்கு நாட்டமில்லை. குறும்பர்களும் இருளர்களும் காட்டைத் தம் கைரேகையாக அறிந்தவர்கள். வந்த வேட்டைக்காரர்கள் தடம் பார்க்கவும் விலங்கைக் கலைத்து விரட்டவும் அவர்களையே நம்பியிருந்தார்கள். வேட்டை நூல்களில் துரைமார்களின் பெயர்கள் நிறைந்திருக்க, முன்னால் நடந்து வழி காட்டியவர்களின் பெயர்கள் அருகியே காணப்படுகின்றன. இது அந்த நூல்களின் பெருங்குறை.

குண்டு அச்சின் அமைப்பு எளிமையானது. பாக்குவெட்டியைப் போல இரண்டு கைப்பிடிகள் ஓர் ஆணியில் சேர்ந்திருக்கும். வாய்ப்பக்கத்தில் வெட்டும் அலகுக்குப் பதிலாக இரண்டு கட்டிகள். ஒவ்வொன்றிலும் அரைக்கோளக் குழி. மூடினால் இரண்டு குழிகளும் சேர்ந்து ஒரு முழு உருண்டைக்கு இடம் தரும். மேலே உருகிய ஈயத்தை ஊற்ற ஒரு சிறு துளை. ஈயம் இறுகியதும் அந்தத் துளையில் நிற்கும் காம்பை வெட்டி எடுப்பார்கள். பெரும்பாலான அச்சுகளில் கைப்பிடிகளுக்கு இடையிலேயே அதற்கான வெட்டுவாய் இருந்தது. இரும்பிலும் பித்தளையிலும் அச்சு செய்தார்கள். இரும்பு அச்சு துருப்பிடிக்கும். நீலகிரியின் மழைமாதங்களில் எண்ணெய் தடவி வைக்காவிட்டால் குழியின் உட்புறம் சொரசொரத்து, குண்டின் மேற்பரப்பையும் கெடுத்துவிடும்.

காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு உலைக்களம் வேண்டாம். சமையல் அடுப்பும் ஓர் இரும்புக் கரண்டியும் போதும். உலகெங்கும் வேட்டைக்காரர்கள் கொல்லரை எதிர்பாராமல் தாமே குண்டு வார்த்ததற்கு இந்தக் குறைந்த உருகுநிலையே காரணம். ஆனாலும் நல்ல குண்டு வார்க்கப் பொறுமை வேண்டும். அச்சு குளிர்ந்திருந்தால் ஈயம் குழியை நிரப்புவதற்குள் உறைந்து, குண்டில் சுருக்கம் விழும். அதனால் முதலில் வார்த்த சில குண்டுகளைத் திரும்பவும் கரண்டியிலேயே போட்டு உருக்கினார்கள். உருகிய ஈயத்தில் துளி மெழுகோ கொழுப்போ இட்டுக் கிளறி, மேலே மிதந்த கசடை வழித்தெறிந்தார்கள். குழிக்குள் விளக்குப் புகையைப் பிடித்துக் கரி படியவைப்பதும் உண்டு. ஈயம் ஒட்டாமல் விழுவதற்கு அது உதவியது. கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றும் இருந்தது. குண்டின் உள்ளே காற்றுக்குமிழ் தங்கிவிட்டால் அதன் பாரம் ஒருபக்கமாகிவிடும். சுட்டால் நேராகப் போகாது. கவனமுள்ளவர்கள் ஒவ்வொரு குண்டையும் தராசில் நிறுத்து, எடை குறைந்ததை ஒதுக்கினார்கள். குண்டு வார்க்கும் இடத்தின் காற்றோட்டத்தைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. ஈயத்தின் நஞ்சு அடுப்படியிலும் கைவிரலிலும் ஒட்டி உடலுக்குள் போகும் என்பது பிற்காலத்தில்தான் பொது அறிவாயிற்று.

குண்டின் அளவைச் சொன்ன முறை இன்றும் 12 போர், 16 போர் என்று வழக்கில் இருக்கிறது. ஒரு பவுண்டு தூய ஈயத்தில் எத்தனை சம உருண்டைகள் செய்யலாமோ அதுவே குழலின் எண். பன்னிரண்டு உருண்டை செய்தால் ஒன்று 37.8 கிராம் நிற்கும், குறுக்களவு 18.5 மில்லிமீட்டர். அந்த உருண்டை நுழையும் குழல் 12 போர். எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும்: 8 போர் குண்டு 56.7 கிராம், 4 போர் குண்டு 113 கிராம். அச்சில் இந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஆனால் அச்சின் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்கும். கொழுப்பில் தோய்த்த துணித்துண்டில் சுற்றி இறக்கினால்தான் சரியாகப் பொருந்தும். ஆகவே, அச்சில் பொறித்த எண் துப்பாக்கியின் எண்ணுக்கு ஒன்றிரண்டு கூடுதலாக இருப்பது பிழை அல்ல.

ஈயம் கடைவீதியில் கிடைத்தது. தேயிலைத் தோட்டங்கள் வந்தபின் மலையில் இன்னொரு வகையிலும் ஈயம் நிறைந்தது. அக்காலத்தில் ஏற்றுமதித் தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில், ஈரம் புகாமல் இருக்க மெல்லிய ஈயத் தகட்டை விரித்தார்கள்; அலுமினியத் தாள் அதன் இடத்தைப் பிடித்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். எந்த ஈயம் என்பது சிறிய விஷயமல்ல. தூய காரீயம் மென்மையானது. விலங்கின் உடலில் பட்டதும் தட்டையாகி விரியும். மான் வகைகளுக்கு அதுவே போதும். எலும்பு தடித்த விலங்குகளில் அது மேலோடு நசுங்கி நின்றுவிடும். காயத்தோடு தப்பிய காட்டெருது வேட்டைக்காரரையும் வழிகாட்டியையும் ஒருசேரக் கொல்லக்கூடியது. அதனால் பெருவிலங்குகளைச் சுடுவோர் காரீயத்தோடு வெள்ளீயம் கலந்து குண்டைக் கடினமாக்கினார்கள். பத்துக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று கலவை அளவுகள் வழங்கின. பாதரசம் சேர்த்துக் கடினமாக்கும் வழக்கமும் இருந்தது. உருகிய ஈயத்தில் பாதரசம் ஆவியாகி மூச்சில் கலப்பதால் அது மிக ஆபத்தான வேலை.

நீலகிரியின் நிலம் ஒரே வகைத் துப்பாக்கியை ஏற்கவில்லை. உதகையைச் சுற்றிய சோலைகளில் கடமானையும் கேளையாட்டையும் நாய்களும் ஆட்களும் கலைத்து விரட்ட, சோலையின் ஓரத்தில் நிற்பவர் ஐம்பது அறுபது கெஜத்தில் சுட்டார். அதற்குப் புரியில்லாத வழுவழுப்பான குழலும் உருண்டைக் குண்டும் போதுமானவை. மேற்கே குந்தா மலைகளிலும் முக்கூர்த்திப் பக்கத்திலும் நிலை வேறு. அங்கே செங்குத்துப் பாறை விளிம்புகளில் வரையாடுகள் மேய்ந்தன. ஆங்கிலேயர் அவற்றை ஐபெக்ஸ் என்று தவறாக அழைத்தார்கள். வரையாட்டின் பார்வை கூர்மையானது. கீழிருந்து வரும் ஆபத்தையே அது எதிர்பார்க்கும் என்பதால் மேலிருந்து அணுகுவது வழக்கம். நூறு முதல் இருநூறு கெஜம் வரை, சாய்வான கோணத்தில், மூடுபனி விலகும் சில நிமிடங்களுக்குள் சுட வேண்டியிருந்தது. அந்தத் தூரத்துக்கு உள்ளே திருகுபுரி வெட்டிய குழல் வேண்டும். புரியைப் பற்றிச் சுழலும் குண்டும் வேண்டும். வடக்கே சீகூர், முதுமலை அடிவாரத்துக் காடுகளில் புலியும் காட்டெருதும் யானையும் இருந்தன. அங்கே தூரம் குறைவு, தேவைப்படும் விசை மிகுதி. குந்தாவுக்குப் பொருந்திய குண்டு சீகூருக்குப் பொருந்தாது.

இந்தியக் காட்டுக்கு எந்தக் குண்டு ஏற்றது என்பதில் அக்காலத்தில் கடும் வாதம் நடந்தது. வங்காளப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்சித் 1863-இல் வெளியிட்ட நூலில் உருண்டைக் குண்டின் பக்கம் நின்றார். நீண்ட கூம்புக் குண்டுக்கு வேகமாகச் சுழலும் புரி தேவை. அந்தப் புரியில் உருண்டையை மிகுந்த மருந்திட்டுச் சுட்டால் அது புரியைப் பற்றாமல் வழுக்கிவிடும். மிக மெதுவாகத் திரும்பும் புரியை வெட்டி, தாராளமாக மருந்திட்டு, 14 போர் அளவிலான பெரிய உருண்டையைச் சுட்டால் நூறு கெஜத்துக்கு மேலும் அது கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். சுடுபவர் தூரத்தைக் கணித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இதுவே அவருடைய வாதம். காட்டில் விலங்கு தோன்றி மறையும் நேரத்தை அறிந்தவரின் பேச்சு அது. அன்றைய மருந்தையும் அன்றைய வேட்டைத் தூரத்தையும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியே.

கடல் தாண்டி இலங்கையில் சாமுவேல் பேக்கர் இதையே முன்னரே பெரிய அளவில் செய்து பார்த்திருந்தார். நுவரெலியாவில் 1840-களின் இறுதியில் குடியேறிய அவர், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் செய்த 21 பவுண்டு எடையுள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கியை யானை வேட்டைக்கு வைத்திருந்தார். அதன் உருண்டைக் குண்டைச் சுற்றி ஒரு வார் எழும்பியிருக்கும். குழலில் எதிரெதிரே வெட்டிய இரண்டு பள்ளங்களில் அந்த வார் பொருந்தி ஓடும். அத்தகைய குண்டை வெறும் அரைக்கோளக் குழிகளில் வார்க்க முடியாது. வாருக்கும் பள்ளம் வெட்டிய தனி அச்சு வேண்டும்; வார் சற்றே பிசகினாலும் குண்டு குழலில் இறங்காது. மைசூரில் கெட்டா யானைப் பிடிப்பை நடத்திய ஜி. பி. சாண்டர்சன் 4 போர், 8 போர் துப்பாக்கிகளை நம்பினார். அவருடைய நூல் 1878-இல் வந்தது. நீலகிரியின் வடக்குச் சரிவிலிருந்து பார்த்தால் தெரியும் காடுகள்தான் அவர் களம் என்பதால், மலையின் வேட்டைக்காரர்களுக்கு அது தொலைதேசத்துச் செய்தியாக இருக்கவில்லை.

1860-களிலிருந்து போக்கு மாறியது. எக்ஸ்பிரஸ் எனப்பட்ட துப்பாக்கிகள் .450, .500, .577 அங்குலக் குழல்களோடு வந்தன. குண்டு சிறியது, மருந்து மிகுதி, வேகம் கூடுதல். குண்டின் முனையில் குழிவு விட்டு வார்த்தார்கள். அதற்காக அச்சின் நடுவில் ஒரு முள் பொருத்தியிருந்தது. குழிமுனைக் குண்டு உடலில் பட்டதும் பிளந்து விரியும். வரையாட்டுக்கும் கடமானுக்கும் அது ஏற்றது. காட்டெருதின் தோள் எலும்பில் சிதறிப்போகும். அறிவுள்ளவர்கள் ஒரே துப்பாக்கிக்கு இரண்டு வகைக் குண்டு வார்த்தார்கள். முள்ளைச் செருகினால் குழிமுனை, எடுத்துவிட்டால் கெட்டிக் குண்டு. கெட்டிக் குண்டுக்குக் கலவையில் வெள்ளீயம் கூட்டுவார்கள். வேட்டைக்காரர் தம் குண்டைத் தாமே வடிவமைக்கும் உரிமை உச்சத்தில் இருந்த காலம் இதுதான். 1880-களின் நடுவில் ஜி. வி. ஃபாஸ்பெரியின் யோசனையில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் கொண்டுவந்த பாரடாக்ஸ் துப்பாக்கி இன்னொரு நடைமுறை விடை. அதன் குழல் முழுதும் வழுவழுப்பு. வாய்ப்பக்கத்துச் சில அங்குலங்களில் மட்டும் புரி. காட்டுக்கோழிக்கு ரவையும் புலிக்குக் கனத்த குண்டும் ஒரே துப்பாக்கியில் போட முடிந்தது. காலையில் என்ன எதிர்ப்படும் என்று சொல்ல முடியாத சோலைக் காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அந்த நூற்றாண்டில் வரவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

இதற்கு இணையாகப் படைத்துறை வேறு பாதையில் நடந்தது. 1853 வகை என்ஃபீல்டு துப்பாக்கியின் அடிக்குழிவுக் குண்டும், கொழுப்பு பூசிய காகிதத் தோட்டாவும் 1857 எழுச்சியோடு சேர்த்து எல்லோருக்கும் தெரிந்தவை. பிறகு ஸ்னைடர், 1871-இல் மார்ட்டினி-ஹென்றி. பித்தளைக் கூட்டுக்குள் குண்டும் மருந்தும் ஆலையிலேயே அடைபட்டு வந்தன. மார்ட்டினியின் குண்டு 31 கிராம். பன்னிரண்டு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். வேட்டைக்காரர்கள் அனுபவத்தில் கண்ட அதே கலவையை அரசு ஆலையும் எடுத்துக்கொண்டது. வெலிங்டன் முகாமின் சிப்பாய்க்குக் குண்டு அச்சைத் தொடும் தேவையே இல்லாமல் போயிற்று.

மார்ட்டினியின் விசைக்குப் பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கும். கீழே தள்ளினால் அறை திறந்து வெற்றுக்கூடு வெளியே விழும். அடுத்த தோட்டாவைக் கையால் வைக்க வேண்டும். அமெரிக்காவின் லீவர் (நெம்புகோல்) துப்பாக்கிகள் இந்த அசைவை ஒருபடி மேலே கொண்டுபோனவை. 1860-இன் ஹென்றி, அதைத் தொடர்ந்த வின்செஸ்டரின் 1866, 1873 வகைகள் ஆகியவற்றில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய். அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். லீவரை ஒருமுறை தள்ளி இழுத்தால் பழைய கூடு வெளியேறி, புதிய தோட்டா அறைக்குள் ஏறும். 1873 வகையின் புகழ்பெற்ற .44 தோட்டாவில் 13 கிராம் ஈயக் குண்டு இருந்தது.

இந்தக் குழாய் அமைப்புதான் குண்டு அச்சின் வடிவத்தைத் தீர்மானித்தது. வரிசையில் பின்னால் நிற்கும் குண்டின் முனை முன்னால் உள்ள தோட்டாவின் அடியில், தீப்பொறி தரும் மூடிமேல் முட்டி நிற்கிறது. முனை கூர்மையாக இருந்தால், துப்பாக்கி உதைக்கும்போது அந்த மூடி வெடித்துக் குழாயே கையில் சிதறலாம். ஆகவே லீவர் துப்பாக்கிக்கான குண்டின் முனை தட்டையாக இருக்க வேண்டும். குழாயின் சுருள்வில் குண்டைக் கூட்டுக்குள் தள்ளிவிடாமல் பிடிக்க, குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் வேண்டும். கூட்டின் விளிம்பை அதில் மடித்து இறுக்குவார்கள். கரிமருந்து எனப்படும் அக்காலத்துக் கறுப்பு வெடிமருந்தின் படிவை இளக்கி வைக்கும் மெழுகுக்கு இன்னும் இரண்டு மூன்று பள்ளங்கள். குண்டின் குறுக்களவு புரிப்பள்ளத்தின் அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக இருப்பது நல்லது. குறைந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தைத் தின்றுவிடும். வின்செஸ்டர் தன் துப்பாக்கிகளுக்கு அச்சுகளையும் தோட்டா நிரப்பும் இடுக்கிகளையும் தானே விற்றது. ஜான் பார்லோ 1884-இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் எண்ணற்ற வடிவங்களில் அச்சு செய்தது. அது பின்னர் லைமன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இத்தாலியின் உபெர்டி போன்ற பட்டறைகள் 1873 வகையை இன்றும் பழைய உருவிலேயே செய்வதால், தட்டைமுனை அச்சுக்கு அமெரிக்காவில் இன்றைக்கும் தேவை இருக்கிறது.

லீவர் துப்பாக்கிக்குத் தாமே குண்டு வார்க்கும் இந்த வழக்கம் நீலகிரியில் வேரூன்றவில்லை. அக்காலத்து லீவர் துப்பாக்கிகளின் தோட்டா சிறியது. மானுக்குப் போதும், காட்டெருதுக்கும் புலிக்கும் போதாது. இந்தியாவில் துப்பாக்கி வாங்குவோர் பிரிட்டிஷ் பட்டறைகளின் இரட்டைக்குழல்களையே நாடினார்கள், மதராஸில் பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் அவற்றைத் தருவித்து விற்றன. அமெரிக்கச் சமவெளியின் பண்ணைக்காரர் கடையிலிருந்து பல நாள் பயணத் தொலைவில் வாழ்ந்ததால் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பினார். உதகைத் தோட்டக்காரருக்கோ ஈலி, கைனோக் நிறுவனங்களின் தோட்டாக்கள் தகர உறையில் மலைக்கே வந்து சேர்ந்தன. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் வந்ததும், 1908-இல் அது உதகையைத் தொட்டதும் அந்த வழியை இன்னும் எளிதாக்கின.

வார்ப்புக் குண்டுக்கு உண்மையான முடிவு வேதியியலிலிருந்து வந்தது. 1889-இல் ஃபிரடெரிக் ஏபெலும் ஜேம்ஸ் டீவரும் இங்கிலாந்தில் கார்டைட் மருந்தை உருவாக்கினார்கள். 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின், 37 விழுக்காடு வெடிபஞ்சு, 5 விழுக்காடு பெட்ரோலிய ஜெல்லி என்பது அதன் முதல் கலவை. இழைகளாகப் பிழிந்து எடுத்த இந்த மருந்து எரிந்தால் அடர்ந்த புகை இல்லை, குழலில் கரிப் படிவும் இல்லை. நீலகிரியில் சுட்டவர்களுக்கு இந்த மாற்றத்தின் பெருமை உடனே புரிந்திருக்கும். ஈரம் நிறைந்த காற்றில் கரிமருந்தின் வெண்புகை கலையாமல் நின்று, குண்டு பட்டதா, விலங்கு எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதையே மறைத்துவிடும். காயம்பட்ட சிறுத்தை புகைக்கு அப்பால் இருக்கும்போது அது உயிர்ப் பிரச்சினை.

ஆனால் கார்டைட் குண்டைத் தள்ளிய வேகத்தை மென்மையான ஈயம் தாங்கவில்லை. .303 படைத்துப்பாக்கியின் 14 கிராம் குண்டு வினாடிக்கு 600 மீட்டரைத் தாண்டியது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் புரியைப் பற்றாமல் உரிந்து, குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். அடுத்த குண்டுகள் கண்டபடி போகும். விடையாக, ஈயத்தின் மேல் செம்பும் நிக்கலும் கலந்த உலோக உறையைப் போர்த்தினார்கள். அந்த உறையை அழுத்திச் செய்ய ஆலை எந்திரம் வேண்டும். அடுப்புக்கும் கரண்டிக்கும் அங்கே வேலை இல்லை. முழு உறையிட்ட குண்டு உடலை ஊடுருவிப் போய்விடுகிறது என்ற குறையைத் தீர்க்க, கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் 1890-களின் நடுவில் முனையில் உறையை நீக்கிய குண்டு பிறந்தது. 1899-இன் ஹேக் மாநாடு அதைப் போரில் தடை செய்தது. வேட்டையில் அதுவே மென்முனைக் குண்டு என்ற பெயரில் பொது வழக்காயிற்று. எக்ஸ்பிரஸ் அச்சின் முள் செய்த வேலையை இப்போது ஆலை செய்தது. அமெரிக்காவில் வார்ப்புக் குண்டின் அடியில் சிறு செம்புக் கிண்ணம் பொருத்தியும், அச்செழுத்து வார்க்கும் ஈயம்-வெள்ளீயம்-ஆன்டிமனி கலவையை உருக்கியும் புதிய மருந்தோடு வார்ப்பை ஓரளவு காப்பாற்றினார்கள். இந்தியாவில் அப்படி ஒரு வட்டம் உருவாகவில்லை.

கார்டைட் மருந்தை இந்தியப் படைக்காக உற்பத்தி செய்யும் ஆலை 1903-இல் அருவங்காட்டில் நிறுவப்பட்டது. நைட்ரோகிளிசரின் வெப்பத்தில் நிலையற்றது. மலையின் குளிரும் நீரும் அதற்குப் பொருந்தின. காட்டேரி அருவியின் நீரிலிருந்து எடுத்த மின்சாரம் ஆலையை இயக்கியது. தென்னிந்தியாவின் தொடக்ககால நீர்மின் முயற்சிகளில் அதுவும் ஒன்று. இரண்டு உலகப் போர்களிலும் இந்த ஆலை மருந்து தந்தது. சுற்றுவட்டாரத்துப் படுகர் ஊர்களிலும் குன்னூரிலும் தலைமுறை தலைமுறையாக இங்கே வேலைபார்த்த குடும்பங்கள் உண்டு. 2021-இல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது இது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. நீலகிரியைத் தேயிலையும் பூங்காக்களும் கொண்ட மலை என்று மட்டும் எழுதுவோர் இந்த நூற்றாண்டுகாலத் தொழில் வரலாற்றை விட்டுவிடுவது நியாயமல்ல.

சட்டமும் அச்சின் பயனைக் குறைத்தது. 1878-இன் இந்திய ஆயுதச் சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அதன் சுமை பெரும்பாலும் இந்தியர்கள் மேல்தான் விழுந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 அளவுத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை வந்தது. அவற்றின் குண்டுகள் களவுபோன பழைய மார்ட்டினிகளுக்குப் பயன்படும் என்று அரசு அஞ்சியது. அதனால்தான் .465, .470, .475 என்று லண்டன் பட்டறைகள் சற்றே வேறுபட்ட அளவுகளை உருவாக்கின. .303-க்கும் இதே நிலை; அதன் இடத்தில் .315 வந்தது. இஷாப்பூர் ஆலையில் சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த அளவில் துப்பாக்கி செய்தார்கள். எந்தக் குண்டு என்பதைக் காடு தீர்மானித்த காலம் போய், அரசாணை தீர்மானிக்கும் காலம் வந்தது.

விலங்குகளுக்கும் சட்டம் வந்தது. தோட்டங்கள் பெருகி, படை முகாம்களும் பெருகி, ஆண்டு முழுதும் ஆணும் பெட்டையும் பாராமல் சுட்டதில் 1870-களில் வரையாடுகள் அருகிப்போயின. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவாயிற்று. 1879-இல் மதராஸ் அரசு நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. உரிமம், வேட்டையாடக் கூடாத பருவம் ஆகியவை நடைமுறைக்கு வந்தன. இந்தச் சட்டம் மலைவாழ் மக்களின் பழைய உரிமைகளைப் பொருட்படுத்தவில்லை. வரையாடு பிழைத்ததற்கு அது உதவியது என்பதும் உண்மையே.

லீவர் துப்பாக்கி நீலகிரியின் கதையில் நுழைவது மிகத் தாமதமாக, பெங்களூரைச் சேர்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனின் கையில். அவர் பயன்படுத்தியது 1895 வகை வின்செஸ்டர், .405 தோட்டா. ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியில் குழலடிக் குழாய் இல்லை. தோட்டாக்கள் அறைக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். முனை மூடியில் முட்டும் ஆபத்து நீங்கியதால் எந்த வடிவக் குண்டும் போடலாம். 1904-இல் வந்த .405-இன் 19 கிராம் உறையிட்ட குண்டு வினாடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகம் கொண்டது. ஆப்பிரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் கொண்டுபோய்ப் புகழ்பெறச் செய்த துப்பாக்கியும் இதுவே. ஆண்டர்சன் 1954-இல் வெளியிட்ட முதல் நூலில் சீகூர்ப் பகுதியின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றிய அத்தியாயம் உண்டு. லீவர் துப்பாக்கி நீலகிரி அடிவாரத்துக்கு வந்தபோது வார்ப்புக் குண்டின் காலம் முடிந்திருந்தது. அவர் சுட்டவை ஆலைத் தோட்டாக்கள்.

முதுமலை 1940-இல் சரணாலயம் ஆயிற்று. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வரையாடு அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. பழைய வேட்டைச் சங்கம் வனவிலங்குச் சங்கமாகப் பெயரும் நோக்கமும் மாறியது. அதன் கௌரவச் செயலராக இருந்த ஈ. ஆர். சி. தாவிதார் வரையாடுகளைக் கணக்கெடுத்து ஆராய்ந்தவர். அவர் நினைவாகவே அக்டோபர் 7-ஐத் தமிழ்நாடு அரசு வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. 1959-இன் ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. உரிமம் இல்லாமல் குண்டு வார்ப்பது குற்றம்.

பழைய பங்களாக்களிலும் ஏலங்களிலும் பித்தளைக் குண்டு அச்சு கிடைத்தால் அதை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. அதில் பொறித்த எண் குழலின் அளவைச் சொல்லும். குழியின் வடிவம் உருண்டையா, வாருள்ளதா, முள் பொருத்தியதா என்பது காலத்தைச் சொல்லும். பட்டறையின் பெயர் அது வந்த வழியைச் சொல்லும். துப்பாக்கிகள் உரிமம் மாறி, கைமாறி, பல ஊர்களுக்குப் போய்விட்டன. ஆகவே இத்தகைய அச்சு வைத்திருப்பவர்கள் அதை உதகை அரசு அருங்காட்சியகத்தில் காட்டிப் பதிவு செய்துவைக்க வேண்டும்.